மயில் தோகை ஏன் வீங்கியது? சிமெண்டுக்குள் வளரும் ஊசிப் படிகம்

#1 ரோஸ்ஹில் வாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவன். சிமெண்ட் வேலையில் என் அனுபவம் எல்லாம், எங்கள் வீட்டு டால் (கான்கிரீட் கூரைத் தளம்) ஊற்றிய அன்று பிரியாணிப் பானையைத் தூக்கியதோடு சரி. தப்பாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கியூர்பீப் பக்கம் எங்கள் கோயிலில் மதில்மேல் புதிதாகச் சுதை வேலை செய்தோம். ஒரு மயில், இரண்டு யாளி, நடுவில் சின்னப் பிள்ளையார். போன ஆகஸ்டில் முடிந்து வர்ணமும் அடித்தாயிற்று. கியூர்பீப் மழையைப் பற்றி மொரீஷியஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜனவரியில் மயில் தோகையில் மயிரிழை போலக் கோடுகள் தெரிந்தன. இப்போது மார்ச். தோகை முழுக்க வலை பின்னின மாதிரி விரிசல், வர்ணம் பொருக்குப் பொருக்காகப் பிரிகிறது. எனக்குப் புரியாதது இதுதான்: விரிசல் விட்ட இடம் சுருங்கவில்லை, வீங்கியிருக்கிறது. தோகையின் ஓரம் மதிலை விட்டு ஒரு விரல் தள்ளி நிற்கிறது. யாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கல் எப்படி ஐயா வீங்கும்?

#2 கொத்தனார் மகன்

உப்புக் காத்து சார். உள்ளே வெச்ச கோழிவலை துருப்பிடிச்சு உப்பியிருக்கும். தீவு முழுக்க இதே கதைதான்.

#3 சைட் எஞ்சினியர், எபென்

துரு வீங்கும், உண்மை. ஆனால் துருவுக்குச் சாட்சி உண்டு: விரிசல் கம்பி போகும் வழியே நேர்க்கோடாக ஓடும், பழுப்புக் கறை வழியும். வாத்தியார் சொல்வது வலைப்பின்னல் விரிசல். கியூர்பீப் கடலோரமும் இல்லை.

சார், மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பழுப்புக் கறை இருக்கிறதா? வீங்கின இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் இறங்குகிறதா? மயிலுக்கும் யாளிக்கும் கலவை ஒன்றுதானா? இந்த மூன்றாவது ரொம்ப முக்கியம்.

#4 ரோஸ்ஹில் வாத்தியார்

இன்று போய்ப் பார்த்தேன். கறை இல்லை. உடைந்த ஓரத்தில் கோழிவலை தெரிகிறது, கொஞ்சம் மங்கியிருக்கிறதே தவிர துரு இல்லை. ஸ்க்ரூடிரைவர்? டீயில் நனைத்த பிஸ்கட்டில் இறங்குகிற மாதிரி இறங்கிவிட்டது. யாளியின் முதுகில் அதே ஸ்க்ரூடிரைவர் கிணுங் என்று வழுக்குகிறது.

கலவை பற்றி விசாரித்தேன். வேலைக்கு வந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். கூடமாட உதவி செய்த எங்கள் பையன் ஒருவன் சொன்னான்: "யாளி முடிஞ்சப்போ நாள் போதலை மிஸ்யே. மயில் இறகு சரிஞ்சு சரிஞ்சு விழுந்தது. கேன்காய்ரியில் (ஹார்ட்வேர் கடை) வெள்ளை மாவு மூட்டை வாங்கி வந்து கலந்தோம். மூணு டப்பா சிமெண்டுக்கு ஒரு டப்பா. அப்புறம் டக்குனு புடிச்சுக்கிச்சு." மூட்டையில் 'பிளாத்ர்' என்று எழுதியிருந்ததாம்.

#5 சைட் எஞ்சினியர், எபென்

கேஸ் முடிந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்.

அரியலூர் ஐயா இந்த இழையைப் பார்த்தால் விரிவாகச் சொல்வார். எனக்கு நாளைக் காலை கான்கிரீட் இருக்கிறது.

#6 அரியலூர் லேப்

பார்த்துவிட்டேன் தம்பி. மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது அல்வா. சிமெண்ட் ஆலையில் முப்பது வருடம் சோதனைக்கூடத்தில் இருந்தவன். வாத்தியாருக்காக அடியிலிருந்து சொல்கிறேன், எஞ்சினியர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிமெண்ட் அரைக்கும்போதே நாங்கள் கொஞ்சம் ஜிப்சம் போடுவோம், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை. சூளையிலிருந்து வரும் கிளிங்கர் என்ற கட்டியில் நான்கு முக்கியமான சேர்மங்கள் உண்டு. அதில் முக்கால்சியம் அலுமினேட் என்று ஒருவர், லேப்பில் சி3ஏ என்போம், மகா அவசரக்காரர். தண்ணீர் பட்டதும் நிமிஷத்தில் கெட்டியாகிவிடுவார். ஜிப்சம் இல்லாத சிமெண்டை வைத்துப் பூசவே முடியாது, கரண்டி எடுப்பதற்குள் சட்டியிலேயே கல்லாகிவிடும். ஜிப்சம் கரைந்து சல்பேட் வந்ததும், சி3ஏ அதோடு சேர்ந்து வேறொரு படிகமாகித் தன் மேலேயே போர்வை போர்த்துக்கொள்கிறது. வேகம் அடங்குகிறது. கொத்தனாருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கிறது.

அந்தப் படிகத்தின் பெயர் எட்ரிங்கைட். ஜெர்மனியில் ஐஃபெல் மலைப் பகுதியில் எட்ரிங்கன் என்று ஓர் ஊர், எரிமலைப் பாறை உள்ள இடம். 1874இல் அங்கே கிடைத்த கனிமத்துக்கு ஊர்ப்பெயரையே வைத்தார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஆறுபட்டை ஊசிகள், நெருஞ்சி முள்ளைக் கொட்டிவைத்தது போல. அதன் எடையில் ஏறக்குறைய 46 சதவீதம் தண்ணீர்! ஒரு மூலக்கூறுக்குள் 32 தண்ணீர் மூலக்கூறு அடைந்துகிடக்கிறது. கணக்கு இதோ: 270 கிராம் சி3ஏ, 516 கிராம் ஜிப்சம், 468 கிராம் தண்ணீர், மூன்றும் சேர்ந்தால் சுமார் 1255 கிராம் எட்ரிங்கைட்.

முதல் சில மணி நேரத்தில் இது பிறந்தால் யாருக்கும் தொல்லை இல்லை. கலவை அப்போது களி மாதிரி, ஊசி வளர்ந்தால் விலகி இடம் கொடுக்கும். ஜிப்சம் தீர்ந்ததும், மீதி சி3ஏ இந்த எட்ரிங்கைட்டையே தின்று, சல்பேட் குறைவான மோனோசல்பேட் என்ற தகட்டுப் படிகமாக மாற்றிவிடும். சாதாரணக் கட்டடத்தில் கதை இங்கேயே நின்றுவிடுகிறது.

உங்கள் மயிலில் நிற்கவில்லை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது சூடேற்றித் தண்ணீரைப் பாதிக்கு மேல் ஓட்டிய ஜிப்சம். தண்ணீர் பட்டதும் திரும்ப ஜிப்சமாகிறது, "டக்குனு புடிச்சது" அதனால்தான். சிமெண்டில் சல்பேட் அளவை சல்பர் டிரை ஆக்சைடாகக் கணக்குப் பார்ப்போம். ஐரோப்பியத் தரப்படி ரகத்தைப் பொறுத்து 3.5 அல்லது 4 சதவீதம்தான் உச்சம். மூன்றுக்கு ஒன்று பிளாஸ்டர் என்றால் சுமார் 16 சதவீதம் வருகிறது. விருந்தாளி நாலு பேர் என்று சொல்லிவிட்டுப் பதினாறு பேர் வந்த மாதிரி. அவர்களும் வந்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. ஜிப்சம் லிட்டருக்கு 2 கிராம் அளவில்தான் கரையும். மழை பெய்யப் பெய்ய, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சல்பேட் கொடுத்துக்கொண்டே இருக்கும். தோகை கல்லாகி ஐந்து மாதம் ஆனபின்பும், உள்ளே மிச்சமிருக்கும் அலுமினேட்டும் மோனோசல்பேட்டும் மறுபடி எட்ரிங்கைட்டாக மாறுகின்றன. அப்போது விலகிக் கொடுக்க இடம் ஏது? வீங்குகிறது, வெடிக்கிறது.

1892இலேயே மிகாயெலிஸ் என்ற ஜெர்மானியர் இதற்கு "சிமெண்ட் பேசிலஸ்" என்று பெயர் வைத்தார். நோய்க்கிருமி போல உள்ளே புகுந்து தின்கிறது என்ற அர்த்தத்தில். காலரா, காசநோய்க் கிருமிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம், எல்லாரும் கிருமிப் பேச்சாகத்தான் இருந்திருப்பார்கள்.

#7 கொத்தனார் மகன்

ஐயா கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா முப்பது வருசம் சீலிங் வேலை பார்த்தவர். பிளாத்ரில் ஒரு கை சிமெண்ட் போட்டுத்தான் பூ வேலை ஒட்டுவார். போர்லூயியில் அவர் செய்த வீடுகள் இன்னும் இருக்கு. ஒரு இறகு கூட விழலை. புத்தகக் கணக்குக்கும் கைவேலைக்கும் தூரம் அதிகம்.

#8 அரியலூர் லேப்

கோபம் எதற்கு? உங்கள் அப்பா செய்தது வீட்டுக்குள். கூரை ஒழுகாதவரை அங்கே தண்ணீர் இல்லை. அந்த 32இல் ஜிப்சம் கொண்டுவரும் 6 போக, மீதி 26 பங்கு தண்ணீர் வெளியிலிருந்து வராமல் இந்த வினை நடக்காது. அதே பூ வேலையைக் கியூர்பீப் மதிலில் ஒட்டியிருந்தால் அவரே இரண்டாம் வருடம் ஏணி போட வேண்டியிருந்திருக்கும். ஒரு கை சிமெண்டுக்கும் மூன்று டப்பா சிமெண்டுக்கும் வித்தியாசமும் இருக்கிறது. பிளாஸ்டர் மிகுந்து சிமெண்ட் கொஞ்சமாக இருந்தால் வீங்குவதற்கு அலுமினேட்டே அவ்வளவு கிடையாது.

#9 சைட் எஞ்சினியர், எபென்

கான்கிரீட் முடிந்தது, வந்துவிட்டேன். ஐயா சொன்னதில் ஓர் இடம் மட்டும் உறுத்துகிறது.

> அப்போது விலகிக் கொடுக்க இடம் ஏது? வீங்குகிறது, வெடிக்கிறது.

கல்லூரியில் எங்களுக்கும் இப்படித்தான் சொன்னார்கள்: சி3ஏயின் கன அளவு போல எட்டு மடங்கு எட்ரிங்கைட், அதனால் வெடிக்கிறது என்று. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐயா கொடுத்த எடையையே அடர்த்தியால் வகுத்தால், சி3ஏ சுமார் 89 மில்லி, ஜிப்சம் 222 மில்லி, தண்ணீர் 468 மில்லி. ஆக 779. பிறக்கும் எட்ரிங்கைட்டோ சுமார் 705 மில்லி. தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் மொத்தக் கன அளவு குறைகிறது! திடப்பொருளை மட்டும் பார்த்தால்தான் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது.

சிமெண்டுக்குள் காலி இடமும் நிறைய உண்டு. கலவைத் தண்ணீர் போன வழியெல்லாம் துளைதான். படிகம் அந்தத் துளையில் போய் வளரலாமே, சுவரை ஏன் தள்ளுகிறது?

எனக்குப் பிடித்த விளக்கம், படிக அழுத்தம். துளைக்குள் இருக்கும் நீரில் தேவைக்கு மேல் உப்பு கரைந்து தவித்துக்கொண்டிருந்தால், படிகம் சுவரைத் தொட்ட பிறகும் வளர்ச்சியை நிறுத்தாது. படிகத்துக்கும் சுவருக்கும் இடையே நூலிழை கனத்தில் ஒரு நீர்ப்படலம் இருக்கும், அதன் வழியே சரக்கு வந்துகொண்டே இருக்கும். அரசங்கன்று கோபுர இடுக்கில் வேர் விட்டுக் கல்லைத் தள்ளுகிற மாதிரி. இதற்குத் துளை மிகச் சின்னதாக இருக்க வேண்டும். பெரிய குழியில் வளரும் ஊசி சும்மா தலைமுடி மாதிரி வளர்ந்து கிடக்கும், யாரையும் தள்ளாது.

அதனால்தான் மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் காற்றுக் குமிழிக்குள் அழகான ஊசிகளைக் காட்டி "இதோ குற்றவாளி" என்பவர்களை நான் நம்புவதில்லை. விரிசல் வந்தபின் காலி இடம் பார்த்து வந்து குடியேறியவர்களாகவும் இருக்கலாம். நிஜமாகத் தள்ளியது கண்ணுக்கே தெரியாத பொடிப் படிகம்.

#10 அரியலூர் லேப்

ஒப்புக்கொள்கிறேன் தம்பி. எட்டு மடங்கு என்று நான் எழுதவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன் :)

#11 குவாட்ர்போர்ன் அக்கா

எங்கள் வீட்டு டால் அடியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூக்கிறது. அதுவும் இந்த எட்ரிங்கைட்தானா? படிக்கப் படிக்கப் பயமாக இருக்கிறது.

#12 சைட் எஞ்சினியர், எபென்

இல்லை அக்கா. அது உப்புப் பூப்பது. தண்ணீர் கசிந்து, சுண்ணாம்பையோ உப்பையோ வெளியே கொண்டுவந்து காய்கிறது. கொஞ்சம் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புப் படிவு. எட்ரிங்கைட் வெளியே வந்து பூக்காது. மேலே தண்ணீர் தேங்குகிற இடத்தைப் பாருங்கள், வைத்தியம் அங்கேதான்.

#13 டர்பன் வாசி

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு குரல். தமிழில் தட்டச்சு செய்து நாளாயிற்று, பிழை இருந்தால் திருத்திப் படிக்கவும்.

இதே படிகத்துக்கு இன்னொரு முகம் உண்டு. பிளாஸ்டர் கலக்கவே வேண்டாம், சூடு போதும். கான்கிரீட் இறுகும்போது உள்ளே வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் எட்ரிங்கைட் நிலைக்காது. அதிலிருக்க வேண்டிய சல்பேட், சிமெண்டின் பசைப்பகுதிக்குள் ஒட்டிக்கொண்டு ஒளிந்துவிடும். கான்கிரீட் ஆறிவிடும், ஒரு குறையும் தெரியாது, கனசதுரக் கட்டியை நசுக்கிப் பார்க்கும் வலிமைச் சோதனையிலும் பாஸ். வருடக்கணக்கில் மழையில் நனைந்தபின் ஒளிந்த சல்பேட் மெல்ல வெளியே வந்து, காலம் தப்பிய எட்ரிங்கைட் ஆகும். பசைப்பகுதி மொத்தமும் உப்பும், ஜல்லி உப்பாது. ஆகவே ஒவ்வொரு ஜல்லியையும் சுற்றி மோதிரம் போட்ட மாதிரி ஓர் இடைவெளி விழும்.

நீராவியில் வேகவைத்து ஒரே நாளில் அச்சிலிருந்து கழற்றும் கான்கிரீட் ரயில் தண்டவாளக் கட்டைகளில்தான் இது பல நாடுகளில் பிடிபட்டது. ஜெர்மனியில் 1980களில் பெரிய பேச்சு. இங்கேயும் விரிசல் விட்ட கட்டைகளை வைத்து, இது எட்ரிங்கைட்டா இல்லை ஜல்லியும் காரமும் வினைபுரிந்து வரும் ஜெல் வீக்கமா என்று ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். கேப் டவுன் பக்கம் அந்த ஜெல் வியாதி பிரசித்தம். அந்தப் பகுதியின் மாம்ஸ்பரி ஹார்ன்ஃபெல்ஸ் ஜல்லிக்கு அந்தக் குணம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு விரிசலும் அக்கா தங்கை போல. வெட்டிப் பார்த்தால்தான் யார் என்று தெரியும். இரண்டும் ஒரே கட்டையில் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

#14 சைட் எஞ்சினியர், எபென்

டர்பன் அண்ணா தொட்டது என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். முந்தின வேலையில் ஓர் அடித்தள ரேஃப்ட், அதாவது கட்டடம் முழுவதையும் தாங்கும் ஒரே கான்கிரீட் தட்டு, ஒன்றரை மீட்டர் கனம், ஜனவரி வெயில். கன மீட்டருக்கு 100 கிலோ சிமெண்டுக்குச் சுமார் 12 டிகிரி ஏறும் என்பது கைக்கணக்கு. 380 கிலோ போட்டால் 45 டிகிரி. ஊற்றும்போதே கலவை 32இல் இருந்தது. கூட்டிப் பாருங்கள்.

நடுவில் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு 74 காட்டியது. டார்ச் வெளிச்சத்தில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன், பக்கத்தில் செக்யூரிட்டி பழைய கிரியோல் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரருக்குச் சொன்னேன். "கியூப் பாஸ் ஆச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றார். அடுத்த ஊற்றலுக்குச் சண்டை போட்டு, சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து ஃப்ளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) போட வைத்தேன். தண்ணீருக்குப் பதில் பாதி ஐஸ், ஊற்றியது ராத்திரியில். 61இல் நின்றது.

அமெரிக்க வழிகாட்டுதலில் 70 வரை பிரச்சினை இல்லை. 70க்கும் 85க்கும் நடுவில் என்றால் ஃப்ளை ஆஷ், ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) மாதிரி தடுப்பு வேண்டும். 85ஐத் தொடவே கூடாது. என் முதல் ரேஃப்ட் மண்ணுக்குள் இருக்கிறது, மேலே ஆறு மாடி. நிலத்தடி நீர் அங்கே ஆழம் என்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

#15 கொத்தனார் மகன்

அப்போ எட்ரிங்கைட்னாலே வில்லன்தானா?

#16 அரியலூர் லேப்

முதல் மணி நேரங்களில் அதுதான் உங்கள் கரண்டியையே காப்பாற்றுகிறது, மறந்துவிட்டீர்களா! வேண்டுமென்றே வீங்க வைக்கும் சிமெண்டும் உண்டு. கலிபோர்னியாவில் பெர்க்லியில் அலெக்சாண்டர் க்ளைன் என்பவர் உருவாக்கியது. கால்சியம் சல்ஃபோஅலுமினேட் சேர்த்து, முதல் வாரத்துக்குள் அளவாக எட்ரிங்கைட் பிறக்கும்படி செய்வார்கள். கான்கிரீட் காயும்போது சுருங்குமே, அந்தச் சுருக்கத்தை இந்த வீக்கம் ஈடுகட்டும். உள்ளே கம்பி கட்டிப்பிடித்திருப்பதால் வீக்கம் கான்கிரீட்டை இறுக்கத்தான் செய்யும். தண்ணீர்த் தொட்டி, நீண்ட தரை எல்லாம் போடுகிறார்கள். ஆனால் அந்த அளவு ஆலையில் எடை போட்டுச் செய்வது. டப்பாவில் அள்ளுவதில்லை.

#17 ரோஸ்ஹில் வாத்தியார்

ஐயா, ஒரு சோதனை செய்தோம். கொலேஜில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர். மயில் தோகைத் துண்டு ஒன்று, யாளியின் பின்பக்கத்திலிருந்து ஒன்று, பழைய மதில் பூச்சு ஒன்று. மூன்றையும் உரலில் இடித்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து வடிகட்டி, பேரியம் குளோரைடு சொட்டு விட்டார்.

யாளியும் பழைய மதிலும்: கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி லேசான மங்கல். மயில்: தயிர்! சோதனைக்குழாய் பாதி வெள்ளை. பையன்கள் கைதட்டினார்கள்.

#18 அரியலூர் லேப்

பிரமாதம். ஒப்பிட யாளியையும் எடுத்தீர்களே, அதுதான் சோதனை. எந்தச் சிமெண்டிலும் கொஞ்சம் சல்பேட் இருப்பதால் மயிலை மட்டும் சோதித்திருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் இது சல்பேட் அதிகம் என்று காட்டுமே தவிர, அது ஜிப்சமாக இருக்கிறதா எட்ரிங்கைட்டாக இருக்கிறதா என்று பிரிக்காது. அதற்கு எக்ஸ்ரே விளிம்பு விளைவுக் கருவி வேண்டும்.

இன்னொன்று. ஸ்க்ரூடிரைவர் பிஸ்கட்டில் இறங்கின மாதிரி என்றீர்களே, எனக்கு அது வேறொரு சந்தேகத்தைக் கிளப்புகிறது. தாமசைட் என்று எட்ரிங்கைட்டின் பங்காளி ஒன்று உண்டு. 15 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த ஈரத்தில், சுண்ணாம்புக்கல் தூளோ பவளமணலோ கலந்திருந்தால் வசதியாக வளரும். அது வீக்கத்தோடு விடாது, சிமெண்டின் பசையையே கரைத்துக் களியாக்கிவிடும். கியூர்பீப் ஜூலை ராத்திரி உங்களுக்குத் தெரியும். இந்தக் குளிர்காலத்துக்கு முன்னால் கையை வைத்துவிடுங்கள்.

#19 கொத்தனார் மகன்

சரி, தோத்துட்டேன். வேலைக்கு வருவோம். மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சு மூடிடலாமா?

#20 சைட் எஞ்சினியர், எபென்

வேண்டாம். ஈரம் மதிலின் பின்பக்கத்திலிருந்தும் ஏறும். உள்ளே பூட்டின ஈரம் இன்னும் மோசம். சல்பேட் எதிர்ப்புச் சிமெண்ட், அதாவது சி3ஏ 5 சதவீதத்துக்குள் இருப்பது, அதை மேலே பூசினாலும் அடியிலிருக்கும் பிளாஸ்டர் போகாது. வீங்கினது முழுக்கக் கொத்தி எடுக்க வேண்டும், கெட்டியான பழைய பூச்சு வரும்வரை. கோழிவலையை மாற்றுங்கள். அப்புறம் வெறும் சிமெண்டும் மணலும், யாளிக்குப் போட்ட அதே கலவை. இறகு சரிந்தால் ஒரே நாளில் முடிக்காதீர்கள். ஒரு சுற்று, மறுநாள் அடுத்த சுற்று.

#21 கொத்தனார் மகன்

கண்ணாடி நார் வலை கைவசம் இருக்கு. துருப் பேச்சே வராது. வாத்தியாரே, சனிக்கிழமை வர்றேன். கூலி வேண்டாம், சாப்பாடு போடுங்க.

#22 ரோஸ்ஹில் வாத்தியார்

மே மாத நிலவரம். தோகையை முழுக்கக் கொத்தி எடுத்துவிட்டோம், நாலு சாக்கு வந்தது. சங்கக் கூட்டத்தில் "ஊருக்குப் போனவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பு" என்று இரண்டு பேர் குதித்தார்கள். நாள் குறித்து அவசரப்படுத்தியது நாம்தானே என்று தலைவர் கேட்டதும் உட்கார்ந்துவிட்டார்கள்.

கொத்தனார் மகன் சொன்னபடி வந்தார், மூன்று சனிக்கிழமை. இறகு ஒரு சுற்றுக்கு ஒரு நாள். இன்னும் கண்கள் போடவில்லை.

இடையில் ஒரு வேலை செய்தேன். அச்சு மாதிரி இரண்டு பிளாஸ்டிக் தயிர்க் கப் எடுத்து, ஒன்றில் வெறும் சிமெண்ட், ஒன்றில் மூன்றுக்கு ஒன்று பிளாத்ர். இறுகினதும் கழற்றாமல், வகுப்பு ஜன்னலோரம் ஒரு வாளித் தண்ணீரில் போட்டேன். ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மறந்தே போனார்கள். நேற்று ஒரு சிறுமி ஓடிவந்து "மிஸ்யே, ரெண்டாவது கப் வயிறு கிழிஞ்சிருக்கு" என்றாள். கப்பின் பக்கம் மேலிருந்து கீழாகப் பிளந்து, அந்தப் பிளவுக்குள் சிமெண்ட் சாம்பல் நிறத்தில் பிதுங்கியிருக்கிறது. முதல் கப் அப்படியே இருக்கிறது, கழற்றிப் பார்த்தால் அடியில் இருந்த தயிர் கம்பெனி முத்திரை கூட எதிர்ப்புறமாகப் பதிந்து பளிச்சென்று தெரிகிறது.

படம் எடுத்தேன், இங்கே ஏற்ற முடியவில்லை. நாளை மறுபடி முயல்கிறேன்.